மழைக்காலத்தில் இறுகும் வாசல் கதவு: இழைப்புளியை எடுப்பதற்கு முன்

நீங்கள் கேட்டது இது. கடலூர்ப் பக்கம் வீடு, கிழக்குப் பார்த்த வாசல், ஏழுக்கு மூன்று அடியில் தேக்குச் சட்டக் கதவு. ஐப்பசி மழை பிடித்ததும் பூட்டுப் பக்கம் நிலையில் இறுகிக்கொள்கிறது. தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பங்குனி, சித்திரையில் தானே சரியாகிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய தரையின் மேலேயே டைல்ஸ் போட்டபோது கதவின் அடியை அறுத்திருக்கிறார்கள். கால் அங்குலம் இழைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. இழைக்கலாமா, மேலே என்ன பூசுவது?

இப்போது கால் அங்குலம் இழைக்க விடாதீர்கள். கால் அங்குலம் என்றால் 6 மி.மீ.க்கு மேல். மழையில் ஊதி நிற்கும் கதவில் அவ்வளவு சீவிவிட்டால், சித்திரையில் மரம் சுருங்கும்போது பூட்டு நாக்கு நிலையை அரைகுறையாகத்தான் கவ்வும். பூரானும் பல்லியும் அந்தச் சந்தில் தாராளமாக வந்து போகும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் கதவு எங்கோ தண்ணீர் குடிக்கிறது. அந்த வாயைக் கண்டுபிடித்து அடைத்தால், இழைக்க வேண்டியது ஒன்றரை மி.மீ.யோடு நின்றுவிடும்.

மரம் எவ்வளவு ஊதும்?

நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊதுவதும் சுருங்குவதும் நாருக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில்தான். தேக்கு இந்த விஷயத்தில் சாதுவான மரம். அதன் ஈரப்பதம் 1 சதவீதம் ஏறினால், 100 மி.மீ. அகலமுள்ள சட்டம், மரத்தை அறுத்த விதத்தைப் பொறுத்து 0.1 முதல் 0.19 மி.மீ. வரை விரியும். கோடைக்கும் அடைமழைக்கும் நடுவே கதவு மரத்தின் ஈரப்பதம் 5 சதவீதம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். சட்டக் கதவில் நடுப் பலகைகள் காடிக்குள் தளர்வாக உட்கார்ந்திருப்பதால், அவை விரிந்தாலும் கதவின் வெளி அளவு மாறாது. குறுக்குச் சட்டங்களின் நார் கதவின் அகலவாக்கில் ஓடுவதால் அவையும் கணக்கில் வராது. மிச்சம் இரண்டு பக்கத்து நெடுஞ்சட்டங்கள். ஒவ்வொன்றும் 5 அங்குலம் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 250 மி.மீ.; மொத்த விரிவு அதிகம் போனால் 2.4 மி.மீ.

இதே அளவில் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த கதவாக இருந்திருந்தால் 8 மி.மீ.க்கு மேலும் போகும். சட்டம் கட்டி, பலகையைப் பசையில்லாமல் காடிக்குள் விடுகிற முறையின் அருமை இதில்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கோடையில் பலகை ஓரத்தில் சந்து தெரிகிறதே என்று ஃபெவிகால் விட்டு மக்கு அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அடுத்த மழையில் பலகை சட்டத்தை வெளியே தள்ளும். கோடையில் நடுவில் பிளக்கும். உங்கள் கதவில் அப்படி அடைத்திருந்தால், மெல்லிய கத்தியால் அந்த மக்கைக் கீறி எடுத்துவிடுங்கள்.

ஆக, காற்றின் ஈரத்தால் மட்டும் 2.4 மி.மீ. வரைதான் கணக்கு வருகிறது. அதற்கு மேல் ஊதினால் தண்ணீர் நேராகவே உள்ளே போகிறது என்று பொருள். உங்கள் விவரத்தைப் பார்த்தால் சந்தேகம் கதவின் அடியில்தான். மரத்தை ஒரு கட்டு வைக்கோல் தட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் தண்ணீர் மெதுவாக நுழையும், வெட்டு முகத்தில் உறிஞ்சிக்கொண்டு ஏறும். நெடுஞ்சட்டத்தின் கால் இரண்டும் வெட்டு முகம். டைல்ஸ் போட்ட அன்று அதை அறுத்தவர்கள் பூச்சுத் தொடாத பச்சை மரமாகவே விட்டுப் போயிருப்பார்கள். அதன்பின் தினமும் காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர், வெள்ளிக்கிழமை நிலைப்படி கழுவும் தண்ணீர், வீட்டுக்குள் மாப்பு போடும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மழைக்குக் காத்திருக்காமல் வருடம் முழுக்க நடக்கிற வேலை இது.

கதவைக் கழற்றாமலே இதைச் சோதிக்கலாம். கதவைத் திறந்து, அடியில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை நுழைத்து டார்ச் அடியுங்கள். பூச்சின் பளபளப்புத் தெரிய வேண்டும். கறுத்த, நார் தெரியும் மரம் தெரிந்தால் சந்தேகம் உறுதி. மேல் விளிம்பையும் ஸ்டூல் போட்டு ஏறி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கதவுக்கு ஆறு முகம். பெயிண்டர் பூசுவது பெரும்பாலும் நான்கு. தலையும் காலும் கண்ணுக்குத் தெரியாததால் விட்டுப்போகும்.

இறுகுவது எங்கே என்று பாருங்கள்

ஊதல்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் மற்றவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டு காரணம் சேர்ந்து வருவதுதான் வழக்கம்.

ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ. பழைய அட்டைகள் மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய 2.3 மி.மீ. கதவைச் சாத்தி, சுற்றிலும் இந்த அட்டைகளை நுழைத்து எங்கே ஒன்று போகிறது, எங்கே மூன்று போகிறது, எங்கே போகவே இல்லை என்று நிலையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை போகாத இடத்தில் கார்பன் தாளை மை பக்கம் கதவைப் பார்க்க வைத்து, கதவைச் சாத்தித் திறந்தால் உரசும் இடம் கறுப்பாகத் தெரியும். சாக்பீஸைத் தேய்த்தும் பார்க்கலாம், ஆனால் அது பரவிவிடும்.

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறுகி, மழைக்காலத்தில் மட்டும் வந்தால் அது ஊதல். பூட்டுப் பக்க மேல் மூலையும், அதே பக்கக் கீழ் மூலை தரையிலும் உரசி, கீல் பக்கத்தில் மேலே சந்து அகன்றிருந்தால் கதவு தொங்கிவிட்டது. திட மரத்தில் செய்த தேக்குக் கதவு 40 கிலோ அளவுக்கு வரும். அந்த எடையை மேல் கீலின் ஸ்க்ரூக்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. கடற்கரை ஊரில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுத்துப் பொடியாக்கிவிடும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீலில் அசைவு தெரிந்தால் இழைப்புளிக்கு வேலை இல்லை, திருப்புளிக்குத்தான் வேலை.

தளர்ந்த ஸ்க்ரூவை முறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் துளை அழிந்துவிட்டது. தீக்குச்சி சொருகுவது ஒரு மாதத்துக்கு உதவும், அவ்வளவுதான். சரியான வழி: துளையை 8 மி.மீ. ட்ரில்லால் சுத்தம் செய்து, நல்ல தேக்கில் சீவிய முளையை, தண்ணீர் தாங்கும் மரப் பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, முகத்தோடு சமமாக அறுத்து, புதிதாக 3 மி.மீ. துளையிட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். மேல் கீலில் நிலைக்குள் போகும் ஸ்க்ரூ இரண்டையாவது 75 மி.மீ. நீளத்துக்கு மாற்றுங்கள். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும். தேக்கில் இரும்பு ஸ்க்ரூ ஈரம் பட்டால் கறுப்புக் கறை இறங்கும், எந்தப் பாலிஷும் அதை மறைக்காது.

ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாக இருந்தும் மேல் மூலை உரசினால், மேல் கீல் உட்காரும் பள்ளத்தை உளியால் 1 மி.மீ. ஆழப்படுத்துங்கள், மேல் மூலை ஏறக்குறைய அதே 1 மி.மீ. பின்னால் வரும். கீழ்க் கீலுக்குப் பின்னால் மெல்லிய காகித அட்டை வைப்பதும் வழக்கம். ஆனால் அது கீழ் மூலையைத் தரையிலிருந்து தூக்கத்தான் உதவும். 1 மி.மீ. அட்டைக்கு அரை மி.மீ. தூக்கும், மேல் மூலை பக்கவாட்டில் அசையவே அசையாது. அதோடு கீழே பூட்டுப் பக்கத்தை 1 மி.மீ. நிலையை நோக்கித் தள்ளிவிடும். எதற்கு எது என்று தெரியாமல் அட்டை செருகிச் செருகியே கெட்டுப்போன கதவுகள் நிறைய.

கதவு சாத்தும்போது கடைசி ஓர் அங்குலத்தில் ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால், கீல் பள்ளம் ஏற்கெனவே ஆழம் அதிகம் அல்லது ஏதோ ஸ்க்ரூத் தலை துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஆழப்படுத்தக் கூடாது, அட்டைதான் வைக்க வேண்டும்.

நிலை சாய்ந்திருக்கிறதா என்பதற்குத் தூக்குக்குண்டும் டேப்பும் போதும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலை கோணிவிட்டது. நிலையின் கால்கள் தரைக்குள் புதைந்திருக்கும் இடத்தில் திருப்புளி முனையை அழுத்திப் பாருங்கள். எளிதாக 10 மி.மீ. இறங்கினால் உளுத்துவிட்டது அல்லது கரையான் தின்றுவிட்டது. அதைச் சரிசெய்யாமல் கதவில் செய்யும் எந்த வேலையும் வீண்.

மழை விடும்வரை என்ன செய்வது?

மரத்தின் ஈரத்தை உள்ளே வைத்து வார்னிஷ் பூசினால் வெயில் வந்ததும் கொப்புளம் போட்டு உரியும். அதனால் முழு வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து விடுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது காயாது, தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும், பின்னால் பூச்சு ஒட்டாது. மெழுகும் பூச்சுக்கு எதிரிதான், ஆனால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

மெழுகுக்கும் அடங்கவில்லை, அவசரத்துக்குக் கதவு திறக்காது என்ற நிலை இருந்தால், கார்பன் பட்ட இடத்தை மட்டும் 80 எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்து விடுங்கள். பல சமயம் அங்கே தேய்வது மரம்கூட இல்லை, பல வருட எனாமல் பூச்சு. பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது கவனம்: இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை விலக்கி வையுங்கள், தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

இந்த நாட்களில் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவு இறுகி நிற்கும்போது உரசும் இடங்களையும் சந்து அளவுகளையும் பென்சிலால் குறித்து, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தையில் கதவு சுருங்கிய பிறகு எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்புதான் ஆதாரம். அது இல்லாவிட்டால் ஊகத்தில் சீவ வேண்டி வரும்.

கழற்றி இழைப்பது

பொங்கல் கழிந்து இரண்டு மூன்று வாரம் வறண்ட வெயில் அடித்த பின் தொடங்குங்கள். மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, மக்கு உரித்த அல்லது பூச்சில்லாத இடத்தில் ஒரு சாண் பாலித்தீன் தாளைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கதவைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கிய பிறகு கீழ்க் கீலிலிருந்து தொடங்கி மேல் கீலைக் கடைசியாகக் கழற்றுங்கள். மேலே முதலில் கழற்றினால் கதவு ஆள் மேல் சாயும்.

எந்தப் பக்கம் சீவுவது? உரசுவது பூட்டுப் பக்கமாக இருந்தாலும், சீவ வேண்டியது 2 மி.மீ.க்கு மேல் என்றால் கீல் பக்கம் சீவுங்கள். பூட்டுப் பக்கம் சீவினால் உள்ளே புதைத்த பூட்டின் முகத்தகடு துருத்தும், பூட்டையே கழற்றி ஆழப்படுத்த வேண்டும். கீல் பக்கம் சீவினால் கீல் பள்ளங்களை அதே அளவு ஆழப்படுத்தினால் போதும். 2 மி.மீ.க்குக் குறைவென்றால் பூட்டுப் பக்கமே செய்துவிடலாம்.

பூட்டுப் பக்க விளிம்பு செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை. கதவு உள்பக்கம் திறக்கிறது என்றால், சாத்தும்போது வெளிமுகம்தான் முதலில் நிலைக்குள் நுழைகிறது. அந்த வெளிமுகம் உள்முகத்தைவிட ஒன்றரை முதல் 2 மி.மீ. குறைவாக இருக்கும்படி சரிவாக இழைத்தால், கதவு உரசாமல் நுழைந்து, கடைசியில் மட்டும் நெருங்கி நிற்கும். நல்ல ஆசாரிகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். பழைய கதவுகளில் இந்தச் சரிவை மட்டும் சரிசெய்தாலே பாதி இறுக்கம் போய்விடும், மொத்த அகலமும் குறையாது.

கோடையில் இருக்க வேண்டிய சந்து இரு பக்கமும் இரண்டரை முதல் 3 மி.மீ., அதாவது ஏ.டி.எம். அட்டை மூன்றிலிருந்து நான்கு. மழையில் அது ஒன்றரைக்குக் குறையும். தலையில் 3 மி.மீ. போதும். அடியில் டைல்ஸுக்கு மேல் 6 முதல் 8 மி.மீ. விடுங்கள்.

இழைப்புளியை மெல்லிய சீவல் வரும்படி வைத்து, நார் ஓட்டத்தோடு தள்ளுங்கள். கரண்ட் இழைப்புளி என்றால் ஒரு ஓட்டத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் வைக்க வேண்டாம்; 2 மி.மீ.க்கு வைத்து ஒரே ஓட்டத்தில் கதவைப் பாழாக்கிவிடலாம். தலை, காலில் இழைக்கும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் கடைசியில் நெடுஞ்சட்ட ஓரம் சில்லாகப் பிய்ந்து வரும்.

ஆறு முகமும் அடைப்பது

வேலையின் உயிர் இங்கேதான். டைல்ஸ் கல் பளபளப்புக்குக் கொடுக்கிற பணத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எவ்வளவு சரக்கு வேண்டும்? ஒரு முகம் 1.95 சதுர மீட்டர். இரு முகமும் விளிம்புகளும் நிலையும் சேர்த்து ஏறக்குறைய 5 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும் என்றால், மூன்று பூச்சுக்கு ஒன்றரை லிட்டர் வாங்குங்கள்.

எதை வாங்குவது என்பதில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்ச் பாலிஷ் அரக்கில் செய்தது. தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும். மெலமைன் பாலிஷ் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு. வெளிக் கதவுக்கு, வெளிப்புறத்துக்கு என்றே டப்பாவில் போட்ட, வெயிலின் புறஊதாக் கதிர் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். தேக்கின் நிறமும் ரேகையும் தெரிய வேண்டும் என்றால் அதுதான் வழி, ஆனால் கிழக்கு வெயிலும் உப்புக்காற்றும் படும் முகத்தில் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பூச்சு போட்டே ஆக வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் வுட் ப்ரைமர் ஒன்று, எனாமல் இரண்டு. மறைக்கிற பெயிண்ட் தெளிவான வார்னிஷைவிட எப்போதும் நீண்ட நாள் வரும். அடர் கறுப்பு, அடர் பழுப்பு வேண்டாம். கிழக்கு வெயிலில் வெளிமுகம் கொதித்து, உள்முகம் குளிர்ந்திருக்க, கதவு முறுக்கிக்கொள்ளும்.

ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது பழைய பழக்கம், பார்க்க அழகு. ஆனால் கடற்கரை ஈரத்தில் அதன் மேல் பூஞ்சை படரும். அது தண்ணீரைத் தடுப்பதும் குறைவு. பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

உப்புத்தாள் 80, பிறகு 120, கடைசியில் 180. தூசியைத் துடைத்ததும், தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், பூச்சுக்கு உரிய தின்னரைத் துணியில் நனைத்து ஒரு முறை துடையுங்கள். அரை மணி நேரத்துக்குள் முதல் பூச்சு விழ வேண்டும். இதைத் தவறவிட்டால் தேக்கில் பூச்சு நாள் கணக்கில் காயாமல் ஒட்டும், அல்லது ஆறு மாதத்தில் தோலாக உரியும். முதல் பூச்சை டப்பாவில் சொன்ன அளவு தின்னர் கலந்து நீர்க்கப் பூசுங்கள். மரத்துக்குள் இறங்க வேண்டும்.

தொடங்க வேண்டியது தலையிலும் காலிலும். கதவை ஸ்டூல்கள் மேல் கிடத்தி, வெட்டு முகங்களில் நீர்த்த பூச்சை உறிஞ்ச உறிஞ்ச விடுங்கள். இழுத்துக்கொண்டு மங்கிப்போனால் இன்னொரு முறை. மற்ற இடத்துக்கு மூன்று பூச்சு என்றால் அங்கே நான்கு, ஐந்து. பளபளப்பு மங்காமல் நின்றால் நிரம்பிவிட்டது. கீல் பள்ளம், பூட்டுப் பொந்தின் உள்சுவர், ஸ்க்ரூத் துளை, வந்தவரைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயின் துளை எல்லாவற்றுக்கும் சின்னத் தூரிகையால் தொட்டு வையுங்கள். மாட்டும்போது ஸ்க்ரூவை வார்னிஷில் நனைத்து ஏற்றுங்கள். உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் பூச்சு எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கட்டும். வெளியே மூன்று, உள்ளே ஒன்று என்று பூசினால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி இறங்கிக் கதவு வளையும்.

பூச்சுக்குப் பூச்சு டப்பாவில் சொன்ன நேரம். கடற்காற்று அடிக்கும் ஊரில் ஒரு நாள் முழுக்க விடுவது உத்தமம். இடையில் 220 உப்புத்தாளால் லேசாகத் தடவித் தூசி துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவுப் பனி ஈரப் பூச்சில் படிந்தால் வெண்மை தட்டும்.

கதவைக் கழற்றவே வழியில்லை என்றால், குறைந்தபட்சம் அடியையாவது அடையுங்கள். ஒரு பழைய கம்பளத் துண்டை இரண்டு அங்குல அகலத்துக்கு நறுக்கி, பூச்சில் தோய்த்து, கதவுக்கு அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்து நெடுக இழுத்து இழுத்துத் தேயுங்கள். தரையில் தாள் விரித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் மூன்று முறை. பார்வைக்கு அழகாக இருக்காது, வேலை செய்யும்.

மழையைக் கதவுக்கு வரவிடாமல்

வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கு வாசல் பக்கமாகத்தான் வருகிறது. 2 அடி சன்ஷேடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். காற்றில் மழை 45 பாகை சாய்ந்து அடித்தால், 2 அடி சன்ஷேடு கதவின் மேல் 2 அடியைத்தான் காக்கும்; கீழே 5 அடி நனையும். நிலை சுவரின் வெளி ஓரத்தில் இருந்தால் முழுசாக இந்தக் கணக்குதான். சுவரின் உள் ஓரத்தில் இருந்தால் சுவர்க் கனம் கூடுதலாகக் கொஞ்சம் காக்கும். முடிந்தால் முன்னால் மூன்றரை, நான்கு அடிக்கு ஒரு கூரை நீட்டுங்கள். எந்தப் பூச்சைவிடவும் அது பெரிய காப்பு. சன்ஷேடின் அடிப்புறத்தில், வெளி ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நெடுக அரை அங்குலப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்புறமாகவே ஊர்ந்து சுவருக்கும் நிலைத் தலைக்கும் வந்துவிடும்.

கதவின் மேல் வழியும் தண்ணீர் அடியில் உள்ளே திரும்பாமலிருக்க, வெளிமுகத்தின் கீழ் ஓரத்தில் குறுக்காக ஒரு தேக்குக் கட்டை வையுங்கள்: 50 மி.மீ. உயரம், 40 மி.மீ. வெளியே நீட்டம், மேல் முகம் வெளிநோக்கிச் சரிவு, அடியில் முன் ஓரத்தை ஒட்டி 6 மி.மீ. பள்ளம். கட்டைக்கும் கதவுக்கும் நடுவே சீலன்ட் தடவி, பித்தளை ஸ்க்ரூவால் இழுத்துப் பிடியுங்கள். சாத்தும்போது நிலைக்கால்களில் இடிக்காமல் இரு முனையிலும் அளவு பார்த்து அறுத்து, அந்த வெட்டு முகங்களையும் பூச்சால் நிரப்புங்கள்.

டைல்ஸ் போட்டபின் உங்கள் நிலைப்படியின் காடி தரை மட்டத்துக்கு வந்திருக்கலாம். அப்படியானால் மாப்புத் தண்ணீர் அங்கே தேங்கிக் கதவின் காலை ஊறவைக்கும். ஈரம் பிழியாத மாப்பை வாசலுக்கு ஓர் அடி முன்னாலேயே நிறுத்துவது செலவில்லாத மருந்து. வெளியே படிக்கல் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், அதைப் பெயர்த்து 200 மி.மீ.க்கு 10 மி.மீ. வெளிச்சரிவோடு பதிக்கச் சொல்லுங்கள்.

நிலைக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலில் வெள்ளை சிமென்ட் நிற்காது. மரம் அசைய அசைய விட்டுவிடும். பெயிண்ட் ஏற்கிற அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் விடுங்கள். சாதா சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது. ரப்பர் பீடிங் ஒட்டுவதானால் நிலையின் காடியில் ஒட்டுங்கள், சாத்தும்போது பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். சந்தைவிட மிகக் கனமானதை ஒட்டிவிட்டு, கதவு மறுபடி ஊதிவிட்டது என்று இழைப்புளியைத் தேடுகிறவர்கள் உண்டு. அடியில் மாட்டும் ரப்பர்ப் பட்டையை டைல்ஸை லேசாகத் தொடும் உயரத்தில் வைத்தால் போதும். அழுத்தி வைத்தால் திறக்கும்போதெல்லாம் இழுத்து, மேல் கீலின் ஸ்க்ரூவைத் தளர்த்திவிடும்.

அழகுக்காகக் கீழே பித்தளைத் தகடு அடிக்கும் ஆசை இருந்தால், மரம் முழுசாகப் பூசிக் காய்ந்த பின், மேல் ஓரத்தில் சீலன்ட் விட்டு அடியுங்கள். பூசாத மரத்தின் மேல் அடித்த தகடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகடு பளபளக்க, உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும்.

மாடிக் கதவு ஒன்றும் இதேபோல் இறுகுகிறது, அது ஃப்ளஷ் டோர் (சட்டம் வெளியே தெரியாமல் ப்ளைவுட் ஒட்டிய கதவு) என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ப்ளைவுட் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் அது அகலத்தில் அதிகம் விரியாது. அடி ஓரம் தடித்து, அடுக்குகள் புத்தகம் போல் விரிந்திருந்தால் பசை விட்டுப்போய்விட்டது. அதை இழைத்தால் இன்னும் பிரியும். கெட்ட பகுதியைக் கீழிருந்து நேராக அறுத்தெடுத்து, அதே கனத்தில் தேக்குக் கட்டையைத் தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டி ஸ்க்ரூ போட்டு, அதன் காலை மேலே சொன்னபடி நிரப்பி மாட்டுங்கள். கெட்டது ஒரு சாணுக்கு மேல் போயிருந்தால் கதவை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. தரம் என்று கேட்டு வாங்கி, மாட்டுவதற்கு முன் தரையில் கிடக்கும்போதே அதன் ஆறு முகத்தையும் பூசச் சொல்லுங்கள்.